சோலை ஓடையில் பிஎச் 5.3, நத்தையே இல்லை: இது கெட்டுப்போன தண்ணீரா?

கேள்வி: குந்தா_ஓடை

வணக்கம். நீலகிரியில் மஞ்சூர் பக்கம் ஒரே ஓடையில் இரண்டு இடங்களில் நீர்ப்பூச்சிகளை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம். மேல் இடம் ஒரு சதுப்புக்கும் சோலைக்கும் கீழே. தண்ணீர் லேசான டீ டிகாஷன் நிறம். கீழ் இடம் 3 கி.மீ. தள்ளி, தேயிலையும் கேரட், உருளைக்கிழங்கு வயல்களும் தாண்டியபின், ஒரு சின்னத் தடுப்பணைக்குப் பக்கத்தில். வலை 0.5 மி.மீ. கண்ணி, இரண்டு இடத்திலும் 3 நிமிடம் காலால் கிளறி எடுத்தது. பிப்ரவரி மூன்றாம் வாரம்.

மேல்: பிஎச் (7க்குக் கீழே போனால் அமிலம்) 5.3, டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) பேனாவில் 11. கிடைத்த குடும்பங்கள் 9: லெப்டோஃபிளெபிடே, பெர்லிடே, லெபிடோஸ்டொமாடிடே, ஃபிலோபொடாமிடே, பாலிசென்ட்ரோபோடிடே, டிப்யூலிடே, சிமுலிடே, சிர்டிடே, கைரோனோமிடே. நத்தை ஒன்றுகூட இல்லை.

கீழ்: பிஎச் 6.8, டிடிஎஸ் 74. குடும்பங்கள் 16: பீட்டிடே, சீனிடே, ஹைட்ரோசைக்கிடே, சிமுலிடே, கைரோனோமிடே, எல்மிடே, டைடிசிடே, ஜெரிடே, நோட்டோனெக்டிடே, சீனாக்ரியோனிடே, லிபெலுலிடே, லிம்னேயிடே, பிளானார்பிடே, ஃபைசிடே, குளோசிஃபோனிடே அட்டை, மண்புழு இனம்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் மதிப்பெண் போடும் பிஎம்டபிள்யூபி முறையில் கூட்டினால் மேல் இடத்துக்கு 62, கீழ் இடத்துக்கு 70. அதாவது வயலுக்குக் கீழே ஓடை நன்றாக இருக்கிறதாம்! ஊர்க் கூட்டத்தில் இதைக் காட்டியதும், "மேலே தண்ணீர் புளித்துப் போயிருக்கிறது, ரெண்டு மூட்டை சுண்ணாம்பு கொட்டினால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது தவறாகப் படுகிறது. ஆனால் எண்களை வைத்து எப்படி மறுப்பது? எதை அளந்தால் உண்மை தெரியும்?

---

பதில்: நீர்ப்பூச்சி

சுண்ணாம்பை முதலில் நிறுத்தி வையுங்கள். உங்கள் பட்டியலைப் பார்த்தால் மேல் இடம்தான் நல்ல ஓடை. கணக்குப் போட்ட முறைதான் காலை வாரியிருக்கிறது.

பிஎம்டபிள்யூபி இங்கிலாந்தில் 1970களின் பிற்பகுதியில் சாக்கடை, பண்ணைக் கழிவு போன்ற கரிமக் கழிவைப் பிடிக்க உருவானது. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் சாகிற குடும்பத்துக்கு 10, கடைசிவரை தாங்குகிற குடும்பத்துக்கு 1. அமிலத்தைப் பற்றி அந்த மதிப்பெண்ணுக்கு எதுவும் தெரியாது. அதோடு மொத்தக் கூட்டல் என்பது குடும்பங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 3 மதிப்பெண்ணுக்கான நத்தைக் குடும்பங்கள் மூன்றும் ஓர் அட்டையும் வந்து சேர்ந்தாலே 12 ஏறிவிடும். நீங்களே சராசரி போட்டுப் பாருங்கள்: மேல் 62/9 = 6.9, கீழ் 70/16 = 4.4. கதை தலைகீழாகிறது.

இன்னொன்று, உங்கள் கீழ்ப் பட்டியலில் நோட்டோனெக்டிடே, டைடிசிடே, சீனாக்ரியோனிடே, லிபெலுலிடே இருக்கின்றன. நாலும் பெரும்பாலும் தேங்கிய தண்ணீர்க்காரர்கள், தடுப்பணைக் குட்டையிலிருந்து வந்திருப்பார்கள். மேலே கல்லும் ஓட்டமுமான இடத்தில் எடுத்துவிட்டு, கீழே குட்டை ஓரத்தையும் சேர்த்துக் கிளறினால் குடும்ப எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அந்த நாலுக்கு மட்டும் 24 மதிப்பெண். அவற்றை எடுத்துவிட்டால் கீழ் இடத்தின் மொத்தமே 46தான். அடுத்த முறை இரண்டு இடத்திலும் கல்லோட்டம், இலைக்குவியல், கரை வேர் என்று அதே மூன்று வகை இடங்களில், அதே நேர அளவில் எடுங்கள். வகைவாரியாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

இப்போது அமிலம். சதுப்பிலிருந்து வரும் பழுப்புத் தண்ணீரில் இருப்பது மக்கிய இலையும் கரிமண்ணும் விடுகிற ஹியூமிக் அமிலங்கள். நீலகிரியின் உயர்மட்டச் சதுப்புகளில் கரிமண் பல ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்து கிடக்கிறது. அடியில் சார்னோகைட் பாறை. அதிலிருந்து கால்சியம் மிக மெதுவாகத்தான் கரையும், ஆகவே அமிலத்தைச் சமன்செய்ய ஏதும் இல்லை. இந்தத் தண்ணீரிலேயே வாழ்ந்து பழகிய பூச்சிகள்தான் உங்கள் மேல் பட்டியலில் இருப்பவை.

அமிலம் பூச்சியைக் கொல்வது இரண்டு வழியில். ஒன்று, உடலின் சோடியம் வெளியேறி, செவுள் வழியே புதிதாக உறிஞ்ச முடியாமல் போவது. இரண்டு, பிஎச் 5.5க்குக் கீழே மண்ணிலிருந்து கரைந்து வரும் அலுமினியம் செவுளில் படிவது. பழுப்புத் தண்ணீரில் ஹியூமிக் பொருள் அந்த அலுமினியத்தைக் கட்டிப் போட்டுவிடுகிறது. அதனால் ஒரே பிஎச் 5.3, தெளிந்த தண்ணீரில் விஷமாகவும் பழுப்புத் தண்ணீரில் சாதாரணமாகவும் இருக்க முடியும். 2004ல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்று, இயற்கையிலேயே அமிலமான ஓடைகளில் உயிரினப் பன்மையும் இலை மக்குதலும் குறைவில்லை என்று காட்டியது. நியூசிலாந்தின் மேற்குக் கரைப் பழுப்பு ஓடைகளிலும் இதே நிலைதான். அமெரிக்காவின் நியூஜெர்சியில் பைன்லாண்ட்ஸ் பகுதி இயற்கையாக அமிலம் என்பதால் அதற்கென்றே தனிக் குறியீடு வைத்திருக்கிறார்கள், மற்ற ஓடைகளின் அளவுகோலை அங்கே போடுவதில்லை.

நத்தை இல்லாததற்குக் காரணம் கால்சியம் போதாமை. ஓடு கட்ட அதுதானே வேண்டும். ஆகவே நம் சோலை ஓடைகளில் நத்தை வராதது கவலைக்குரியதல்ல. வந்தால்தான் "எங்கிருந்து வந்தது இந்தச் சுண்ணாம்பு?" என்று கேட்க வேண்டும். தேயிலைக்குப் போடும் டோலமைட், காய்கறி வயலின் சுண்ணாம்பு, கோழி எரு, தடுப்பணையின் புது சிமென்ட், எல்லாம் பிஎச்சையும் டிடிஎஸ்ஸையும் ஏற்றும். உங்கள் ஓடையில் 5.3 இலிருந்து 6.8க்கு ஏறியிருக்கிறதே, அதுதான் கேள்விக்குரிய எண்.

கீழே கிடைத்த நத்தைகளை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். நுனி மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். வாய் இடப்பக்கம் திறந்தால் ஃபைசா, வலப்பக்கம் என்றால் லிம்னேயா. நுனி வெள்ளையாக அரித்துப் போயிருந்தால் தண்ணீரில் கால்சியம் இன்னும் குறைவு, ஓடு கரைந்துகொண்டே வளர்கிறது என்று அர்த்தம். நுனி பளபளவென்று முழுசாக இருந்தால் கால்சியம் தாராளமாக வருகிறது.

---

குந்தா_ஓடை

நன்றி சார், சராசரி போடத் தோன்றவே இல்லை. நத்தைகளை லென்ஸில் பார்த்தேன். பாதிக்கு மேல் இடப்பக்க வாய், நுனி முழுசு. ஒரு சந்தேகம்: 5.3 என்கிற எண்ணையே நம்பலாமா? பேனா மீட்டர்தான், 6.86 பவுடர் கரைசலில் மட்டும் சரிசெய்தது. ஓடையில் எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது.

---

பதில்: கோத்தகிரி_லேப்

நகர்ந்துகொண்டே இருந்தால் அந்த எண்ணை எழுதாதீர்கள் மேடம். உப்பு மிகக் குறைந்த தண்ணீரில் கண்ணாடி எலக்ட்ரோடு மந்தமாகத்தான் வேலை செய்யும். இந்த மலையில் பிஎச் கணக்கு கெடுவதற்கு முதல் காரணமே இதுதான்.

6.86, 4.01 இரண்டிலும் சரிசெய்யுங்கள். உங்கள் ஓடை இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் ஒரு புள்ளி போதாது. கரைசல்களை ஓடைத் தண்ணீரின் குளிருக்குக் கொண்டுவந்துவிட்டுச் செய்யுங்கள், புட்டிகளைக் கால்மணி நேரம் ஓடையில் மிதக்க விட்டால் போதும். அப்புறம் எலக்ட்ரோடை ஓடைத் தண்ணீரில் மூன்று முறை அலசி, பத்து நிமிடம் அதே தண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அளந்து பாருங்கள். சரிசெய்யும் கரைசலின் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் இந்தத் தண்ணீரில் எண் மாறிவிடும். ஓட்டத்தில் நேராக முக்காதீர்கள், நீரோட்டமே எண்ணை ஆட்டும். ஒரு பிளாஸ்டிக் மக்கில் எடுத்து, கலக்காமல், ஒரு நிமிடத்துக்கு 0.02க்கு மேல் மாறாத நிலை வரும்வரை காத்திருங்கள். ஐந்து நிமிடம் ஆகலாம். எலக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டரில் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் உடனே விடுங்கள், பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்.

அடுத்து, அமிலம் எந்த வகை என்று பிரிக்க வேண்டும். ஊற்றுக்கு அருகில் நிலத்தடித் தண்ணீர் கார்பன் டை ஆக்ஸைடு நிறைந்து வரும், அதுவும் பிஎச்சை இறக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் மீன்தொட்டி காற்று பம்ப்பை 20 நிமிடம் ஓட விடுங்கள். பிஎச் நன்றாக ஏறி, அரை அலகுக்கு மேல் போனால் பெரும்பகுதி கார்பன் டை ஆக்ஸைடு அமிலம். ஏறாமல் அங்கேயே நின்றால் ஹியூமிக் அமிலமோ தாது அமிலமோ. அந்த இரண்டையும் நிறம் பிரித்துக் காட்டும்: வெள்ளை வாளியில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பு என்றால் ஹியூமிக்கின் பங்கு பெரிது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தும் 5.3 என்றால், சல்ஃபேட், நைட்ரேட், அலுமினியம் மூன்றையும் ஆய்வகத்தில் பார்த்தே ஆக வேண்டும். தேயிலைக்கு அம்மோனியம் சல்ஃபேட் தொடர்ந்து போட்ட மண் அமிலமாகும். சீகை (வாட்டில்) மரமும் வேரில் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் நைட்ரேட்டைக் கூட்டும். அந்த வகை அமிலம் இயற்கை அல்ல.

மீன்தொட்டிக்கான கேஎச் (காரத்தன்மை அளக்கும்) சொட்டு மருந்து வாங்கி ஏமாறாதீர்கள். ஒரு சொட்டு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 18 மில்லிகிராம் காரத்தன்மை. சோலை ஓடையில் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிடும், எதுவும் தெரியாது.

மழையையும் மறக்க வேண்டாம். நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் வெள்ளத்தில் பிஎச் சட்டென்று இறங்கும். காய்ந்த கரிமண்ணில் உருவான சல்ஃபேட்டும் தேங்கிய ஹியூமிக்கும் ஒன்றாக அடித்துக்கொண்டு வரும். பிப்ரவரியில் அளந்த 5.3 ஓடையின் சாந்தமான முகம். ஜூன் முதல் வாரத்தில் ஒரு முறையாவது அளந்து வையுங்கள், பூச்சிகள் நினைவில் வைத்திருப்பது அந்த நாட்களைத்தான்.

---

பதில்: வட்டக்கானல்

பழனி மலைப் பக்கமிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, அதனால் நாங்கள் ஜனவரி கடைசிக்கு முன் வலை போடுவதில்லை. எந்த மலையானாலும் வெள்ளம் வடிந்து குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள்.

நான் சொல்ல வந்தது இலைக்குவியல் பற்றி. உங்கள் மேல் இடத்தில் 9 குடும்பம்தானா என்று எனக்குச் சந்தேகம். சோலை ஓடையின் உயிரே இலைதான், அங்கே பலரும் தவறவிடும் பூச்சிகள் உண்டு. கைநிறைய நனைந்த இலையை வெள்ளை ட்ரேயில் இரண்டு செ.மீ. தண்ணீரில் பரப்பிவிட்டு ஐந்து நிமிடம் தொடாமல் பாருங்கள். திடீரென்று ஒரு இலைத்துண்டு நடக்க ஆரம்பிக்கும். நீள்வட்டமாக வெட்டிய இரண்டு துண்டு, மேலது பெரிது, கீழது சிறிது, நடுவில் புழு: அதுதான் அனிசோசென்ட்ரோபஸ், கலமோசெராடிடே குடும்பத்துக் கேடிஸ் (புழுப்பருவத்தில் கூடு கட்டும் நீர்ப்பூச்சி). அவசரமாகக் குப்பையோடு கொட்டிவிட்டால் அது பட்டியலில் வராது. இலைத்துண்டுகளைச் சதுரமாக ஒட்டி நாலு பக்கக் குழாய் கட்டியிருந்தால் லெபிடோஸ்டொமாடிடே.

மேஃப்ளை என்கிற நீர்ப்பூச்சியின் குடும்பங்களைப் பிரிப்பதிலும் கவனம். லெப்டோஃபிளெபிடே ட்ரேயில் வளைந்து வளைந்து நீந்தும், வயிற்றின் இருபுறமும் செவுள் கவட்டையாகப் பிரிந்திருக்கும், மூன்று வாலும் விரிந்து நிற்கும். பீட்டிடே குட்டி மீன் மாதிரி விருட்டென்று பாயும். இரண்டு வாலும், ஒவ்வொரு காலிலும் இரண்டு நகமும், கால் இடுக்கில் கொத்துச் செவுளும் இருந்தால் அது மேஃப்ளையே இல்லை, பெர்லிடே ஸ்டோன்ஃப்ளை. மேஃப்ளைக்குக் காலுக்கு ஒரு நகம்தான். இரண்டு வால் மேஃப்ளையும் உண்டு என்பதால் வாலை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள்.

வலையில் கரிமண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வலைக்குள் போகாமல் பக்கவாட்டில் வழிந்து, பூச்சியையும் கொண்டுபோய்விடும். 3 நிமிடத்தை ஒரே மூச்சில் செய்யாமல் அரை நிமிடம் வீதம் ஆறு தடவையாகச் செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் வாளியில் அலசிக் கொட்டுங்கள். ஸ்பிரிட்டில் போட்ட டப்பாவில் பாதிக்கு மேல் இலை இருந்தால் அதிலுள்ள தண்ணீர் ஸ்பிரிட்டை நீர்க்கச் செய்துவிடும். மறுநாளே வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், இல்லையென்றால் மேஃப்ளையின் செவுளெல்லாம் உதிர்ந்து அடையாளம் காண முடியாமல் போகும். கரிமண்ணிலிருந்து பூச்சியைப் பிரிக்கச் சர்க்கரைக் கரைசல் கைகொடுக்கும்: லிட்டருக்கு 300 கிராம், பூச்சிகள் மிதந்து வரும். கல் கூடு கட்டிய கேடிஸும் நத்தையும் மிதக்காது, அடியில் தேட வேண்டும்.

ஊர்க் கூட்டத்தில் காட்டுவதற்கு இலைப் பையை விட நல்ல சாட்சி கிடையாது. உதிர்ந்த ஒரே வகை இலையை நிழலில் காயவைத்து 5 கிராம் வீதம் எடைபோடுங்கள். வெங்காய மூட்டை வலையில் பாதி, 0.5 மி.மீ. நைலான் வலையில் பாதி. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வகையிலும் ஆறாறு பைகளைக் கல்லில் கட்டி, இலை தானாகத் தங்குகிற ஒதுக்கில் போடுங்கள். சோலை இலை தோல் மாதிரி தடிப்பு, இரண்டு வாரத்தில் ஒன்றும் ஆகாது. 28ஆம் நாள் மூன்று, 56ஆம் நாள் மூன்று எடுங்கள். மூன்று பையைக் கூடுதலாகக் கொண்டுபோய் நனைத்து உடனே திருப்பிக் கொண்டு வந்து எடை போடுங்கள், வழியில் நொறுங்கிய கணக்கு அதுதான். உலர்த்துவது 60 டிகிரியில் 48 மணி நேரம். இந்த மூடுபனியில் வெயிலை நம்ப முடியாது. பெரிய கண்ணிப் பையில் எடை வேகமாகக் குறைந்து, சின்னக் கண்ணிப் பையில் மெதுவாகக் குறைந்தால் இலை தின்னும் பூச்சிகள் வேலையில் இருக்கின்றன என்று பொருள். இரண்டும் ஒரே வேகம் என்றால் பூஞ்சையும் பாக்டீரியாவும் மட்டும்தான் மிச்சம். எண்ணைவிட, நரம்பு மட்டும் மிஞ்சிய இலையை மேசையில் வைத்தால் எல்லாருக்கும் புரியும்.

---

பதில்: கோத்தகிரி_லேப்

ஒரு சேர்க்கை. ஓடையில் டிரவுட் மீன் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவலாஞ்சி வட்டாரத்தில் நூறாண்டுக்கு மேலாக விட்டு வளர்த்த மீன். அது பெரிய ஸ்டோன்ஃப்ளையையும் மேஃப்ளையையும் குறைத்துவிடும், நாம் தண்ணீரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். மீன் இருக்கும் ஓடையை மீன் இருக்கும் ஓடையோடுதான் ஒப்பிட வேண்டும்.

---

குந்தா_ஓடை

மீன் இல்லை, மேலே ஒரு அருவி தடுக்கிறது. பிஎச் திரும்ப அளந்தேன்: மேல் 5.6, காற்று விட்டபின் 5.7. கீழ் 6.7. தண்ணீர் மேலே பழுப்பு, கீழே நிறம் மங்கல்.

அடுத்து இரண்டே இடத்தை வைத்து முடிவு சொல்லலாமா, இல்லை இன்னும் ஓடைகள் வேண்டுமா?

---

பதில்: நீர்ப்பூச்சி

காற்று விட்டும் ஏறவில்லை, நிறமும் பழுப்பு. ஹியூமிக் அமிலம் என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் எண் 0.3 தவறியிருந்தது என்பதையும் பதிவு நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் யாராவது "பிஎச் ஏறிவிட்டது" என்று தப்பாகப் படிக்கக் கூடாது.

இரண்டு இடம் போதாது. மேல் இடமும் கீழ் இடமும் வேறு வேறு சரிவு, வேறு அகலம். ஓடை பெரிதாகும்போது பூச்சிகள் மாறுவது இயல்பு, அதை மாசு என்று சொல்லிவிடக் கூடாது. வயல் படாத ஓடைகள் ஐந்து தேடுங்கள், குறைந்தது மூன்று. உயரம் உங்கள் கீழ் இடத்துக்கு 200 மீட்டருக்குள், அகலம் ஏறத்தாழ அதே, அதே பாறை, அதே மாதம், மேலே சதுப்பு இருக்க வேண்டும். கற்பூரமரமும் (யூகலிப்டஸ்) சீகையும் மட்டுமே சூழ்ந்த ஓடையை நல்ல மாதிரியாக எடுக்காதீர்கள், அங்கே விழும் இலையே வேறு. முக்கூர்த்தி தேசியப் பூங்காவிலோ வேறு காப்புக்காட்டிலோ நல்ல ஓடை இருந்தால் வனத்துறை அனுமதி கையில் வந்தபின் போங்கள், ட்ரேயில் பார்த்துவிட்டுத் திரும்ப விடுவதற்கும் அனுமதி வேண்டும்.

அந்த ஐந்தில் குறைந்தது நான்கில் கிடைத்த குடும்பங்களை எழுதுங்கள். அவை 12 என்று வையுங்கள். கீழ் இடத்தில் அந்த 12இல் 7தான் கிடைத்தால் 7/12, அதாவது 0.58. புதிதாக வந்த நத்தையும் அட்டையும் இந்தக் கணக்கை ஏற்றாது, அதுதான் இதன் பலம். நல்ல ஓடைகளையும் ஒன்றையொன்று இதே மாதிரி கணக்கிட்டுப் பாருங்கள். அவற்றின் ஏற்ற இறக்கத்துக்கு வெளியே விழுந்தால்தான் கீழ் இடம் பாதிக்கப்பட்டது என்று சொல்லுங்கள். ஐரோப்பாவில் பீட்டிடே அமிலத்துக்குப் பயந்தது என்று எழுதியிருப்பதை இங்கே அப்படியே ஒட்ட வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்தக் குடும்பத்தில் பல பேரினங்கள், அவை எங்கே வாழும் என்பதை உங்கள் ஐந்து ஓடைகள் சொல்லட்டும்.

சுண்ணாம்பு விஷயத்துக்குக் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். ஸ்வீடனில் 1970களின் பிற்பகுதியிலிருந்து அமில மழையால் கெட்ட ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் சுண்ணாம்பு போட்டார்கள். அங்கே நோய் மனிதர் உண்டாக்கியது, மருந்துக்குப் பொருள் இருந்தது. ஆனால் வடபகுதியில் இயற்கையாகவே அமிலமான ஓடைகளுக்கும் போடுகிறோமே என்று பின்னால் அவர்களுக்குள்ளேயே பெரிய விவாதம் எழுந்தது. உங்கள் மேல் ஓடையில் இரண்டு மூட்டை கொட்டினால் முதல் நாள் பிஎச் எகிறும், ஹியூமிக் திரண்டு கல்மேல் படியும், இலைக்குவியலுக்குள் சுண்ணாம்புத் தூள் இறங்கும். அடுத்த மழையில் பிஎச் பழையபடி இறங்கிவிடும். லெப்டோஃபிளெபிடேக்கும் அந்த நடக்கும் இலைக்கும் இரண்டு பக்கமும் அடி.

அந்த மூட்டைகளுக்கான பணத்தில் வயல் ஓரம் இரண்டு மீட்டர் புல் வரப்பு விடச் சொல்லுங்கள். கேரட் கழுவிய தண்ணீர் நேராக ஓடையில் விழாமல் ஒரு குழியில் தங்கி வடியட்டும். ஆறு மாதம் கழித்து கீழ் இடத்தில் டிடிஎஸ் 74இலிருந்து இறங்குகிறதா, ஃபைசா குறைகிறதா என்று இங்கேயே எழுதுங்கள்.